மிளகளவு

ஜூரோங் தீவில் கசிவு பார்ப்பது என் வேலை.
குழாய் குழாயாக மோப்பக் கருவியை நீட்டி
எண் வந்தால் எழுதுவேன்,
வராவிட்டால் அதையும் எழுதுவேன்.
பதினெட்டு ஆண்டில் ஒரு துளியைக்கூட
மறைத்ததில்லை.

இந்த வண்டி என்னைக் கேலி செய்யவென்றே வந்தது.
எழுபத்துநாலாம் வருட யமஹா, நூறு சிசி,
சுங்கை காடுட்டில் மரக்கிடங்குக்குப் பின்னால்
திரு டியோவிடம் வாங்கியது.
"எண்ணெய் ஒழுகுமா?" என்றேன்.
"ஒழுகுகிற வரைக்கும் உள்ளே எண்ணெய் இருக்கிறது
என்று நிம்மதியாக இருக்கலாம்" என்றார்.

வாகன நிறுத்தத்தின் நான்காம் தளத்தில்
அடியில் குளிர்பெட்டி அட்டை விரித்தேன்.
தினமும் காலை துளிகளைச் சுற்றிப் பென்சில் வட்டம்,
பக்கத்தில் தேதி.
ஒரு மாதத்தில் அது
எவரும் போயிராத தீவுக்கூட்டத்தின் வரைபடமானது.
நகர மன்றத்திலிருந்து கடிதமும் வந்தது.

எஞ்சினை இறக்கிச் சந்தைத் தள்ளுவண்டியில் வைத்து
துண்டு போர்த்தி
மின்தூக்கியில் ஏற்றினேன்.
ஆறாம் மாடி அம்மா குனிந்து பார்த்தார்.
"சொட்டுகிறதே, மீனா?"

டூ ஸ்ட்ரோக்குக்குக் கேம் இல்லை, தூக்கும் வால்வு இல்லை,
பேசுமுன் யோசிக்கும் பழக்கம் இல்லை.
எண்ணெயையும் பெட்ரோலையும் சேர்த்தே விழுங்கிச்
சேர்த்தே எரித்துப் புகைந்துவிடும்.
கிராங்கின் இருபுறமும் இரண்டு ரப்பர் சீல்,
ஐம்பது வருடத்தில் வளையல்போல் இறுகியவை.
வலது போனால் கியர் எண்ணெயைக் குடிக்கும்,
வெள்ளையாகப் புகைவிடும்.
இடது போனால் காற்றைக் குடிக்கும்,
ஒருநாள் விரைவுச்சாலை நடுவில்
பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

கிராங்க் ஃப்ரீசரில், மீன் உருண்டைகளுக்குப் பக்கத்தில்.
உறையின் ஒரு பாதி கேக் சுடும் அவனில், நூற்றிருபது டிகிரி.
தர்மசீலன் வேலை முடிந்து வந்தவர்
கதவைத் திறந்து பார்த்துவிட்டு
"எத்தனை மணிக்கு வேகும்?" என்றார்.

பசை தடவி, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கி,
துவாரங்களை அடைத்து
மிதிவண்டிப் பம்பால் ஆறு பவுண்டு காற்றடித்தேன்.
ஆறு நிமிடம் முள் அசையக்கூடாது.
நாற்பது நொடியில் படுத்துவிட்டது.
சோப்பு நுரை பூசினேன்.
இணைப்புக் கோட்டில், மேல் திருகின் அருகே
ஒரு குமிழி
மிக மரியாதையாக எழுந்து நின்றது.

திரும்பப் பிரித்துக் காக்கி புக்கிட்டுக்கு,
ஜாஃபரின் பட்டறைக்கு.
உறையைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து
விரலால் ஓரத்தைத் தடவினார்.
"ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியிருக்கிறார்கள்."
நான் அந்த யாரோவைத் திட்டத் தொடங்கினேன்.
ரப்பர் சுத்தியல் வாங்க வக்கில்லாதவன்,
அலுமினியத்தைப் பால் டின் மூடி என்று நினைத்தவன்,
ஏதோ ஓர் ஞாயிற்றுக்கிழமையில்
என் பிறப்புக்கும் முன்னால்...
ஜாஃபர் விளக்கை அருகே இழுத்தார்.
காயங்கள் இரண்டு.
கீழே இருந்தது கறுத்துப் பழகிப்போனது.
மேலே இருந்தது
இன்னும் வெள்ளையாக மின்னியது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நான் கைப்பையில் எதையோ தேடினேன்.
இரண்டு பள்ளத்தையும் ஒரே விலைக்கு
வெல்டிங்கில் நிரப்பித் தேய்த்துக் கொடுத்தார்.

முள் நின்றது. ஆறு நிமிடம்.
நம்பாமல் இன்னுமோர் ஆறு.

பழைய வண்டிக்கென்று எண்ணிக் கொடுத்த நாட்களில்
ஒன்றை எடுத்துச் செலவழித்தேன்.
சாங்கி வரை, தகரத்தில் கடலை கொட்டும் சத்தத்தோடு.
பக்கத்தில் வந்த டாக்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டது.

புது அட்டை விரித்தேன்.
திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாய், புதன் இல்லை.
வெள்ளிக்கிழமை காலை
செயின் பக்கம் ஒரே ஒரு துளி, மிளகளவு.
பென்சிலை எடுத்தேன்.
இருபுறமும் பார்த்தேன்.
அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு
வேலைக்குப் பேருந்து பிடிக்கப் போனேன்.