உலகம்மாளுடன் பதினோரு கிலோமீட்டர்

இருபத்திரண்டு வருஷமாகப் புளியரை சோதனைச்சாவடியில்
அடுத்தவர் விடுமுறைக்குக் கம்பு தூக்கிவிடுவது என் உத்தியோகம்.
மே மாதம் பிறந்தால் கார்களின் தலைமேல்
தார்ப்பாய் போர்த்திய சூட்கேஸ்கள்,
ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு குழந்தையின் கால்.
எங்கே போறீய என்பேன்.
ஆலப்புழை, வர்க்கலை என்பார்கள்.
ஊர் பெயர் தெரியாதவர்கள் படகு வீடு என்பார்கள்.
வண்டி எண்ணை எழுதிக்கொள்வேன்.

இந்த ஆனியில்
ஏழு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
கல்யாணமா, கருமாதியா என்று கேட்டார் மேலதிகாரி.
சுற்றுலா என்றேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

ஷார்ஜாவிலிருந்து மச்சினன்
ஒட்டகத்தோடு நின்று படம் அனுப்பியிருந்தான்:
இங்கே வாங்க அத்தான், உலகத்தைப் பாருங்க.
அவன் அக்காள் பெயரே உலகம்மாள்.
பாஸ்போர்ட் கிடையாது,
காரில் ஏறினால் குமட்டும்,
கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த மலையை
ஊருக்கு மேற்கே யாரோ எழுப்பிய மதில் என்றே நினைத்திருந்தாள்.

செங்கோட்டையில் ரயில் ஏறினோம்.
பகவதிபுரம் தாண்டியதும்
மலை எங்களை மாத்திரைபோல் விழுங்கிற்று.
இருட்டில் கல்லூரிப் பையன்கள் ஊளையிட்டார்கள்.
அவளும் ஊளையிட்டாள்,
ஐம்பத்தொரு வயதில்,
எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்.
வெளிச்சம் வந்தபோது
ஒன்றும் அறியாதவள் மாதிரி
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆரியங்காவு.
என் மேசையிலிருந்து அளந்தால் பதினோரு கிலோமீட்டர்.
யோகன்னான் லாட்ஜில் மாடி அறை,
கட்டிலுக்கு ஒரு கால் குட்டை,
ஜன்னல் நிறைய ரப்பர் மரங்கள், எல்லாம்
மார்பில் சிரட்டை கட்டிக்கொண்டு.

சோற்றோடு இளஞ்சிவப்பாய் வெந்நீர் வந்தது.
யாரோ கை கழுவின தண்ணி என்று தள்ளிவைத்தாள்.
யோகன்னான் உள்ளே போய்ப் பதிமுகப் பட்டையை எடுத்துவந்து காட்டினார்.
மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்:
சேட்டா, கொஞ்சம் வெள்ளம்.
எங்கள் பக்கம் வெள்ளம் என்றால்
அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவோம்.

பாலருவிக்குப் போனோம்.
என் கணுக்காலில் ஓர் அட்டை நுழைவு வரி வசூலித்தது.
ரசீது கேளுங்க என்றாள்.
பிறகு எங்கேயும் போகவில்லை.
பகல் முழுக்க மழை பார்த்தோம்.
எங்களுக்குச் சாரலாய் மிஞ்சி வருவது
இங்கே முழு உருவில், அவசரமில்லாமல் பெய்தது.
பழம்பொரி தின்றோம். தூங்கினோம். பழம்பொரி தின்றோம்.
மின்சாரம் போன ஒரு மாலையில்
பிள்ளைகள் பேச்சு இல்லாமல், கடன் பேச்சு இல்லாமல்
ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம்.
என்ன பேசினோம் என்று இப்போது நினைவில்லை.

இரவில் லாரிகள் இறங்கும் சத்தம்.
இது கோழி, இது சிமென்ட், இது வாழைத்தார் என்று
கண்மூடியே சொன்னேன்.
எல்லாம் நான் தூக்கிவிடாமலே தாண்டி வந்தவை.
முதலில் கொஞ்சம் வலித்தது.
அப்புறம் அப்படி ஒரு தூக்கம்.

திரும்பும்போது பேருந்து.
எங்கள் சாவடியில் நிறுத்தி மைதீன் பிச்சை ஏறினான்.
பூப்போட்ட சட்டையில் என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.
பையில என்னது என்றான் அவளிடம்.
நேந்திரங்காய் சிப்ஸ் ரெண்டு கிலோ,
தண்ணியில போடுற பட்டை ஒரு பொட்டலம்,
வேற ஒண்ணுமில்ல சார், என்றாள் உலகம்மாள்,
சட்டத்துக்குப் பயந்த குரலில்.
அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போவோம் என்று
என் காதில் சொன்னாள்.

அவன் இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்தான்.
கம்பு எழுந்தது.
உள்ளே உட்கார்ந்து இத்தனை காலம்
அதன் அடிமுனையைத்தான் பார்த்திருக்கிறேன்.
பேருந்து ஜன்னலில் தலையைச் சாய்த்து இப்போதுதான் பார்க்கிறேன்,
அது எவ்வளவு உயரம் போகிறது.