கால்மாட்டில் அணியம்

இன்னாசி மச்சாதுக்கு
இடது பக்கம் இல்லாமல் போய்
இருபத்தாறு நாள்.

கண்ணில் பழுதில்லை.
மூளையின் வலது ஓரத்தில்
புளியங்கொட்டை அளவு ஓர் இடத்துக்கு
ரத்தம் போகவில்லை, அவ்வளவுதான்.
அதோடு போயிற்று
தட்டில் இடது பாதி இட்லி,
சவரம் செய்யாத இடது கன்னம்,
ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும்
ஆம்பூர் தோல் மண்டி வாஜித் பாய்,
அவருடைய ரேடியோ உட்பட.

"இடது பக்கம் பாருங்க" என்பேன்.
"பாத்துட்டேன்" என்பார்.
பார்த்திருக்க மாட்டார்.
சக்கர நாற்காலியை அவரே தள்ளினால்
பிசியோ அறைக் கதவின் இடது நிலையில்
தினமும் ஒரே இடத்தில் மோதும்.
அங்கே பச்சைப் பெயிண்ட் உரிந்து
மரம் தெரிகிறது.

வாசிக்கத் தரும் தாளில்
இடது ஓரமாக மேலிருந்து கீழே
ஒரு சிவப்புக் கோடு போடுவோம்.
அது தெரியும்வரை கண்ணை இழுத்து வா,
பிறகு படி.
எங்கள் பாடத்தில் அதற்கு நங்கூரம் என்று பெயர்.
சொன்னதும் சிரித்தார், வாயின் வலது பாதியால்.
"கோட்டுல என்னம்மா நங்கூரம்?
நங்கூரம்னா கனம்லா."

தெக்லா அம்மாள் ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டே சொன்னார்:
"இவுகளுக்கு இடது வலது என்னைக்கு இருந்திச்சு?
முப்பத்தொரு வருசம் கப்பல்ல போசன்.
வீட்டுக்கு வந்தாலும்
உப்பு ஸ்டார்போர்ட்ல இருக்கு,
செம்பு போர்ட்ல இருக்கும்பாரு."

மறுநாள் கட்டிலைத் தட்டி
இது கப்பல் என்றேன்.
தலைமாடு அணியம்,
கால்மாடு பிற்றலை.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது.
"அப்ப நான் பின்னாலயா போறேன்?
படுத்துக்கெடக்கவன் எந்தப் பக்கம் பாக்கான்?
கால்மாடுதான் அணியம்.
சுக்கான் என் தலைக்குப் பின்னால கெடக்கு."

கேஸ் ஷீட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்.
சரிதான்.
என் கணக்கில் போர்ட் பக்கம்
வராந்தாவில் விழுந்திருக்கும்.

இடது என்பது நான் திரும்பினால் திரும்பும்.
அவரைப் பார்த்து நின்றால்
என் இடது அவருக்கு வலது.
போர்ட் அப்படியில்லை.
அணியத்துக்கு முதுகைக் காட்டி நின்றாலும்
குடித்துவிட்டு நின்றாலும்
அது கப்பலுடையது,
கப்பலிடமே இருக்கும்.
யார் மூளையில் எது அடைத்தால் அதற்கென்ன.

"போர்ட்ல என்ன தெரியுது, போசன்?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.
பிறகு கழுத்து திரும்பியது.
வலிப்பாகத்தான்,
துருப்பிடித்த வின்ச் போல, ஒவ்வொரு பல்லாக.
"ஒரு ஜன்னல்.
தூரத்துல மலை. மொட்டை. லைட் ஹவுஸ் இல்ல.
கிட்டக்க ஒரு ஆளு,
கட்டம் போட்ட கைலி,
ரேடியோ வச்சிருக்காரு."

வாஜித் பாய் எழுந்து உட்கார்ந்தார்.
"இருபத்தாறு நாளா இங்கதாங்க இருக்கேன்."

போர்ட்டுக்குச் சிவப்பு விளக்கு என்று
தெக்லா அம்மாள் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து
இடது மணிக்கட்டில் கட்டினார்.
கை எழவில்லை.
எழும் என்று நான் சொல்லவும் இல்லை.
இட்லி சில நாள் மிஞ்சத்தான் செய்கிறது.
நாற்காலி இன்னும் நிலையில் மோதுகிறது.
மோதும் முன்பே இப்போது கத்துகிறார்:
"போர்ட்ல ஃபெண்டர் போடுங்கலே!"

பாகாயத்தில் பஸ் ஏறினேன்.
இதுவும் போர்ட் பக்கம்தான்
கரையை ஒட்டுகிறது, படிகள் அங்கேதான்.
கூட்டத்தில் ஓட்டுநருக்கு முதுகு காட்டி நிற்கிறேன்.
தொரப்பாடி டீக்கடை வெளிச்சம்
என் வலது தோளைத் தொட்டுப் போகிறது.
போர்ட், என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

"கோட்டைக்கு ஒண்ணா?"
என்று கண்டக்டர் சீட்டைக் கிழித்துவிட்டார்.

நான் இறங்க வேண்டியது சேண்பாக்கம்.
சரி என்று வாங்கிக்கொண்டேன்.
அங்கே அகழியிலாவது
தண்ணீர் இருக்கும்.