வளைக்கும் கூடம்

பீச் மரத்துக்கு வாசனை கிடையாது.
ரொட்டிப் பலகையும் ஜாம் கிண்டும் கரண்டியும்
அதில் செய்வது அதனால்தான்.
உடம்பெல்லாம் எள் தூவிய மாதிரி சின்னக் கோடு.
மழையில் போட்டால் சில வருஷத்தில்
காளான் தின்றுவிடும்.
கூரைக்குக் கீழே
எத்தனை பேரை வேண்டுமானாலும் தாங்கும்.

இங்கே மொராவியாவில்
ஆவிப்பெட்டியைத் திறந்தால்
வெந்த கிழங்காய்ச் சிவந்து வரும் கழி.
அரை நிமிஷம் சொன்னபடி கேட்கும்,
பிறகு முறியும்.

ஒரு முனையை விளாஸ்தா பிடிப்பாள்.
மறுமுனை பொஹுமில்.
விவாகரத்தாகிப் பதினோரு வருஷம்,
பேச்சில்லை.
மேஸ்திரி ஒரு வாரம் ஆள் மாற்றிப் பார்த்தார்.
எழுபது நாற்காலி முதுகு உடைந்தது.
பழையபடி போட்டுவிட்டார்.

இரும்பு அச்சை
அவள் இடப்புறம் சுற்ற, அவன் வலப்புறம் சுற்ற
மூச்சுபடும் தூரத்தில் எதிரெதிரே வந்து நிற்பார்கள்.
கவ்வியை முடுக்குவது நான்.
அச்சோடு இரண்டு நாள் காய வேண்டும்;
முன்னால் அவிழ்த்தால் நிமிர்ந்துகொள்ளும்.

நேற்று முடுக்கியான பிறகும்
அவள் முனையை விடவில்லை.
"கையுறை கிழிஞ்சிருக்கு" என்றாள்,
மரத்தைப் பார்த்து.
அவன் குனிந்து
கிழியாத கையைப் பார்த்தான் முதலில்.

பெட்டிக்குள் அடுத்த கழி
சீறிக்கொண்டிருந்தது.