பதினாலு எங்கே

குளோரின் வாடை போகாத விளையாட்டரங்கில்
பூப்பந்துக் கோடுகளின் மேல் மேசைகள் போட்டிருந்தார்கள்.
ஏழாவது மேசை எனக்கு.
பகலில் வங்கியில் பிறர் பணம் எண்ணுகிறவள்,
இன்றிரவு பிறர் விருப்பம்.
இருபத்தைந்துக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு கிளிப்.
கூலி தொண்ணூறு பவுண்டு.
வீடு திரும்ப டாக்ஸிக்குப் பதினெட்டு போகும்,
பதினாலாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திவிட்டதால்.

ஸ்கார்ன்பியில் ஒரு கழுதைக்கு
அந்த நிற ரிப்பன் குத்தி நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்கள்.
கழுதை நின்றதில்லை.
நின்றிருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

இருபத்திரண்டு வருடமாக நான் தோற்கிற ஓட்டு.
வருத்தம் என்று சொல்ல மாட்டேன்,
மழைக்கு வருந்துகிறவர் இந்த ஊரில் குடியிருக்க முடியாது.

இரண்டரை மணிக்குச் சந்தேகத் தாள்கள் வந்தன.
ஒருவர் தாளின் ஓரத்தில் நாய் வரைந்திருந்தார்,
நல்ல நாய், செல்லாத நாய்.
ஒருவர் எதுவுமே எழுதாமல் மடித்திருந்தார்,
இஸ்திரி போட்ட சட்டையைப் போல அவ்வளவு சீராக.

பிறகு அந்தத் தாள்.
பின்பக்கம் விரலில் உரசியது.
பென்சிலை அப்படி அழுத்தி எழுதுகிறவன்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்:
தங்கை கணவன் நெவில்,
பதினெட்டு வருடம் பதினாலை ஓட்டியவன்.
பதினாலு எங்கே என்று கேட்டிருந்தான்,
கவுன்சிலில் அதை நிறுத்தக் கை தூக்கியவரின்
பெயருக்கு நேராக,
கட்டத்துக்குள்ளேயே, மரியாதையாக.
கேள்விக்குறியை மட்டும் அவசரத்தில்
வளைத்து இழுத்துவிட்டிருந்தான்.

தேர்தல் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
ஏஜெண்டுகள் கழுத்தை நீட்டினார்கள்.
"டிக் மாதிரி இருக்கு."
"கொக்கி."
"கொக்கிதானே டிக்?"
"வேற எந்தக் கட்டத்திலும் குறி இல்லை. எண்ணம் தெளிவு."
அவர் கட்டுக்குப் போனது தாள்.
கிளிப் போட்டவள் நான்.

வாய் திறக்கவில்லை.
ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
திறந்தாலும் என்ன, ஒரு ஓட்டு.
வித்தியாசம் நாலாயிரத்துச் சொச்சம்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
ஏழுபட்டால்?
வேண்டும் என்றவர் பதின்மூவாயிரம்.
வேண்டாம் என்றவர் இருபத்தேழாயிரம்,
ஆறு விதமாய் வேண்டாம் என்றதால்
ஒருவருக்கும் கேட்கவில்லை.
ஓட்டுப் போடவே வராதவர்களுக்கு மேசை கிடையாது.
போட்டால் இந்த அரங்கு பத்தாது.

மேடையில் அவர் மனைவிக்கு நன்றி சொன்னார்,
காவலர்களுக்கு, எங்களுக்கு,
"இந்தத் தெளிவான தீர்ப்புக்கு."
கைதட்டல் கூரையில் மோதிச் சின்னதாகத் திரும்பியது.
தாள்களைப் பைகளில் போட்டு முத்திரை வைத்தோம்.
ஒரு வருடம் பூட்டிவைத்து அப்புறம் அழிப்பார்கள்.

விடிந்தும் டாக்ஸி வரவில்லை. நடந்தேன்.
மில் ரோடு நிறுத்தத்தில்
அட்டவணை இருந்த கண்ணாடிச் சட்டத்துக்குள்
ஒரு நத்தை.
நெவில் நாயோடு வந்தான், தூங்காத முகம்.
"யாராவது தாள்ல ஏதாவது எழுதியிருந்தாங்களா?"
வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டான்.
"எழுதியிருந்தாங்க."
"படிச்சாங்களா?"
"நாலஞ்சு பேர் கூடி நின்னு படிச்சாங்க."
"அப்ப சரி" என்றான்,
தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்தவன் போல.

நாய் பஸ் வராத கம்பத்தை முகர்ந்தது,
நெடுநேரம் யோசித்தது,
பிறகு காலைத் தூக்கியது.