தோன்றா எழுவாய்

மதியம் முதல் பீரியட். ஒன்பது 'சி'.
ஜன்னலைச் சாத்தியும் மேசை மேல் சாம்பல்.
அதில் விரலால் யாரோ ஓர் இதயம் வரைந்து
பாதியில் அழித்திருக்கிறார்கள்.

கரும்பலகையில் எழுதினேன்:
ரவி ஈட்ஸ் எ மேங்கோ.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரவி
அதே மாம்பழத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறான்.
இன்று பழத்தை முன்னே தள்ளி
ரவியைக் கடைசிக்கு அனுப்ப வேண்டும்.
பெஞ்சு மாத்தி உட்கார்ற மாதிரிதான், என்றேன்.

தின்றவன் யாரென்று தெரியாவிட்டால்,
அல்லது ஊருக்கே தெரிந்திருந்தால்,
'பை' போட்டு அவன் பெயரை எழுதத் தேவையில்லை.
மார்க் குறையாது.
இந்த இடத்தில் வழக்கமாக
யாரும் தலை நிமிர்வதில்லை.

டில்லிபாபு நிமிர்ந்தான்.
விடியுமுன் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று
இறால் தடவிவிட்டு, நகக்கண்ணில் கறுப்போடு வருகிறவன்.
சோப்புக்கு அது போகாது. மண்ணெண்ணெய்தான்.
அவன் நோட்டைத் திருத்தினால்
என் கையிலும் அந்த வாசனை சாயந்திரம்வரை.

"அப்ப பேர வுட்டுட்லாமா மிஸ்? தப்பு இல்லியா?"

இல்லை என்றேன்.
இலக்கணப்படி இல்லை.

பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தான்.
குப்பத்தில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்களாம்.
அவன் அம்மாவிடமிருந்து மளிகைக் கடைக்கும்
கடையிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போய்
யாருக்கும் முழுசாய்ப் பிடிபடாமல்
எண்ணெய்க் கறையோடு என்னிடம் வந்தது.

எ லீக் வாஸ் நோட்டீஸ்ட்.
தி வால்வ் வாஸ் க்ளோஸ்ட்.
சம் நெட்ஸ் வேர் அஃபெக்டட்.
தி மேட்டர் இஸ் பீயிங் லுக்ட் இன்டு.

நாலு வாக்கியம். ஒரு பிழை இல்லை.
என் மாணவன் எழுதியிருந்தால்
பத்துக்குப் பத்து போட்டு
வகுப்பில் படித்துக் காட்டியிருப்பேன்.

ஆக்டிவுக்கு மாத்துங்க, என்றேன்.
விட்டுப்போன எழுவாயை நீங்களே போடுங்க.
நஸ்ரின் 'சம்படி' என்று எழுதினாள்.
ஏஞ்சலின் 'தி கம்பெனி' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தாள்.
"ரவி மிஸ்!" என்றது கடைசி பெஞ்சு,
"பழத்த துன்னதும் அவன்தான."
வகுப்பு சிரித்து ஓய்ந்தபோது
யுவஸ்ரீ மெல்லக் கேட்டாள்:
"தமிழ்ல இது எப்டி வரும்?"

'படு' சேர்ப்போம். மூடப்பட்டது. கவனிக்கப்பட்டது.

"படறதுன்னா,
நாங்க பட்றோமே, அந்தப் படறதா?"

தமிழய்யாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.
வேறென்ன சொல்ல.

மணி அடித்த பிறகும் டில்லிபாபு போகவில்லை.
பதில் போடணுமாம், இங்கிலீஷில்.
வலை போனது, பத்து நாளாய் இறால் இல்லாதது,
நீரில் நின்ற காலெல்லாம் அரிப்பு.
நான் உற்சாகமாய்ப் பேனா திறந்தேன்.
வீ, தி ஃபிஷர்மென் ஆஃப்...

"வீ வேணாம் மிஸ்.
அப்பா அங்கதான் காண்ட்ராக்ட்ல கீறாரு.
எங்க பேரு வராம எழுத முடியாதா?
இப்ப சொல்லிக் குட்த்தீங்களே, அதுமாரி."

முடியும்.
தி நெட்ஸ் வேர் ஸ்பாயில்ட்.
நோ ப்ரான்ஸ் வேர் காட்.
இட் இஸ் ரிக்வெஸ்டட்.
எனக்கு இவ்வளவு சுலபமாய் எந்தப் பாடமும் வந்ததில்லை.

எழுதி முடித்துப் பார்த்தேன்.
கரும்பலகையில் இருக்கும் அதே சாய்ந்த எழுத்து.
எண்ணூரில் பாதிப் பேர் அதைப் பார்த்து எழுதிப் படித்தவர்கள்.
நீயே ஒரு தடவை காப்பி பண்ணிடு, என்றேன்,
கைக்குப் பழக்கமாகும் என்று.

நம்பினானா தெரியாது.
பென்சில் எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு வரியாய் இறக்கினான்.
கடைசி வரியில், பழக்க தோஷம்,
'பை' என்று எழுதி நின்றான்.

விட்டுடலாம், என்றேன்.

ரப்பர் இல்லை.
கட்டைவிரலை நனைத்துத் தேய்த்தான்.
ரெண்டெழுத்து போய்விட்டது.
அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு
என்ன செய்தும் போகவில்லை.