அறுபத்தோரு நாளில் பதினொன்று

மேப்பைப் பெரிதாக்கப் பெரிதாக்க
நீலம்தான் வருகிறது.
இன்னும் கொஞ்சம் விரலை விரித்தால்
யாரோ உதறிவிட்டுப் போன செதில் மாதிரி
ஒன்பது துணுக்கு.
"அசோர்ஸ்" என்றேன்.
ஸ்தனிஸ் வலையிலிருந்து கண்ணெடுக்காமல்
"அங்கே என்ன மீன்?" என்றார்.

தங்கச்சிமடத்தில் மேடு என்றால் மணல்.
தோண்டினால் பவளக்கல்,
அதற்கும் கீழே தண்ணீர்.
நெருப்பு எங்கேயும் இல்லை.
அந்தத் தீவில்
இறைச்சியும் கோசும் கிழங்கும் சட்டியில் அடுக்கி
விடியுமுன் குழிக்குள் இறக்கி
மண்ணைத் தள்ளிவிட்டு
வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்களாம்.
மத்தியானம் தோண்டினால் வெந்திருக்குமாம்.
இருபத்தாறு வருஷமாக
இந்த வீட்டுக்கு உலை வைக்கிறவள் நான்.
தானாக வேகவைக்கும் மண்ணை
ஒருதடவை மிதித்துப் பார்க்கணும்.
காரணம் இவ்வளவுதான்.
விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதிக்கொள்ளட்டும்.

போவதென்றால் தடைக்காலத்தில்தான்.
ஏப்ரல் பதினைந்தில் படகைக் கட்டினால்
ஜூன் பதினாலு வரை
அவருக்குக் கடல் கிடையாது.
அறுபத்தோரு நாளில் பதினொன்றை வெட்டி எடுத்தேன்.
வெட்டிய பிறகுதான் தெரிந்தது,
வேலியெல்லாம் பூத்துக் கிடக்கும் அந்த நீலப் பூ
ஜூலையில்தானாம்.
மே மாதம் மழை உண்டு,
ஒரே நாளில் நாலு பருவமும் உண்டு,
திமிங்கிலம் உண்டு.
பூவை விட்டுக்கொடுத்தேன்.
திமிங்கிலம் என்றதும்
பாதி முடிச்சில் ஊசி நின்றது.

இரண்டு தீவு போதும்.
இல்லை, மலையே தீவாக நிற்கிற
அந்த இன்னொன்றும்.
சேர்ப்பதும் அடிப்பதுமாகக்
கருவாட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கம்
கறுத்துவிட்டது.

பாஷைக்கு ஃபோன் இருக்கிறது.
அது "ஜனெலா" என்றது,
ஜன்னலைப் பார்த்தேன்.
"மேசா" என்றது, அதில்தான் கை வைத்திருந்தேன்.
"ஷாவ்" என்றது,
கொஞ்சம் யோசித்துச் சாவியைத் தொட்டேன்.
வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற அளவுக்குப்
பாஷை ஏற்கெனவே இருக்கிறது.

ராமநாதபுரத்தில் ட்ராவல்ஸ் பையன் கேட்டான்:
"இதுக்கு முன்னாடி ஃபாரின் போயிருக்கீங்களா?"
நான் இல்லை என்பதற்குள்
"யாழ்ப்பாணம்" என்றார்.
"எத்தனை நாள்?"
"நாற்பத்தேழு."
"பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் இருக்குமே?"
அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார்,
அப்புறம் மின்விசிறியை.
பையன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.
பேச்சை மாற்றி, மெதுவாக,
"சென்னையில பத்து விரல் ரேகையும் வைக்கச் சொல்வாங்க,
பயப்படாதீங்க" என்றான்.
"அது பழக்கம்தான்."

எனக்கு முதல் பயணம்.
அவருக்கும் முதல் என்றே எழுதச் சொன்னேன்.
அந்த நாற்பத்தேழை நான் பயணத்தில் சேர்க்கவில்லை.
அப்போது நான் திட்டம் எதுவும் போடவில்லை,
மனுதான் போட்டேன்.
கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில்
என்னோடு இன்னும் பதினோரு பெண்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது
பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்.
இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ராத்திரி அவரே ஃபோனை வாங்கினார்.
"இந்தத் தீவுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?"
"படகில் அரைமணி."
"கோடு?"
"என்ன கோடு?"
"கடல்ல."
இழுத்து இழுத்துத் தேடினேன்.
"டிக்கெட் மட்டும் பார்ப்பார்களாம்."

நம்பவில்லை.
வலைக்கயிறு அறுத்துத் தழும்பேறிய விரலை
ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டினார்.
தழும்பு படுவதை ஃபோன் சரியாக உணராமல்
படம் தாறுமாறாக ஓடி
மறுபடி வெறும் நீலம்.
மீட்டுக் கொடுத்தேன்.
மறுபடி ஓட்டினார்.

"மே மாசம் அங்கே என்ன காத்து?"

அதை நான் பார்க்கவே இல்லை.
ஓட்டல் வாடகை பார்த்தேன், பஸ் நேரம் பார்த்தேன்,
அரிசி கிடைக்குமா என்றுகூடப் பார்த்தேன்.
நோட்டை எடுத்து
ஸ்வெட்டர் இரண்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் ஆறு மாதம்
என்பதற்குக் கீழே எழுதினேன்:
கச்சானா, கொண்டலா, கேட்கணும்.