பல் முளைத்த பேரிக்காய்

நீங்கள் கேட்ட பட்டியல்:
ரப்பர் கை ஒன்று, மேற்கு ஜெர்மனித் தயாரிப்பு, சுண்டுவிரல் இல்லை.
பிளாஸ்டிக் கோரைப்பல் இரண்டு ஜோடி,
ஒன்றை நாய் கடித்திருக்கிறது.
வீடியோ கேசட் பதினேழு.
அட்டைகள் எல்லாம் நகலுக்கு எடுத்த நகல்;
கொன்றவன் முகமும் செத்தவள் முகமும்
ஒரே சாம்பல் மேகம்.

பிறகு அந்தச் சுவரொட்டி.
விற்பனைக்கு இல்லை என்று எழுதியிருந்தேன்.
பார்க்கவாவது செய்கிறேன் என்று
க்டான்ஸ்கிலிருந்து ரயிலேறி வந்துவிட்டீர்கள்.
உட்காருங்கள். தேநீர் ஆறுகிறது.

எங்கள் ஸாப்ஜெயில்
இருண்டதெல்லாம் பேய் அல்ல,
இருண்டதெல்லாம் நிலக்கரி.
காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை
சாயங்காலம் மறுபடி அழுக்கு.
மற்ற நாளில் பயப்பட நேரம் ஏது?
பயத்துக்கென்று வெள்ளிக்கிழமையை ஒதுக்கி வைத்திருந்தோம்.

சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில்
மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை.
பூட்டுப் போட்ட அலமாரிக்குள் டிவி,
சாவி குபிட்ஸாவின் இடுப்பில்.
நாற்பது நாற்காலி, எழுபது பேர்,
ஈரக் கோட்டுகளின் நாற்றம்.

படம் ஆங்கிலம். அதன்மேல்
ஒற்றை ஆண்குரல் போலிஷில் வாசிக்கும்.
பேய்க்கும் அவரே, பேய் பிடித்தவளுக்கும் அவரே,
ஓட்டப் போன பாதிரியாருக்கும் அவரே.
ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரல்:
'ஓடு. அது கூரையில் இருக்கிறது. ஐயோ. வேண்டாம்.'
அதற்குப் பின்னால், எங்கோ தூரத்தில்,
அந்தப் பெண் நிஜமாகவே அலறிக்கொண்டிருப்பாள்.
ஹலிங்கா கெக்கெக்கே என்று சிரிப்பாள்,
சிரித்துக்கொண்டே
என் மணிக்கட்டில் நகம் பதிப்பாள்.

இதுதான் சுவரொட்டி.
ஆமாம், பேரிக்காய். ஆமாம், மனிதப் பற்கள்.
படத்தில் பேரிக்காயே கிடையாது.
ஏரியிலிருந்து ஏதோ ஒன்று ஏறி வரும்,
ஈரக் கம்பளி போர்த்திய ஆள் என்று
கடைசி வரிசைக்கும் தெரியும்.
'வரைந்தவர் படத்தையே பார்க்கவில்லை' என்றாள் ஹலிங்கா.
'பார்த்திருக்கிறார், அதனால்தான்' என்றேன் நான்.

நவம்பர், விடிகாலை ஐந்து மணி.
பிளாஸ்கில் வெந்நீர், ரொட்டிக் கத்தி.
பசை இளக இளக
தோல் உரிப்பதுபோல் உரித்தோம்.
முனையில் பால்வண்டியின் விளக்கு திரும்பியது.
அவள் ஓடினாள், பிடித்த பிடியை விடாமல்.
வலது மூலை, மூன்று பற்களோடு,
அவள் கையோடு போயிற்று.
மறு வருஷம் அவளும் போய்விட்டாள், ஹாம்பர்க்குக்கு.

மூலை இல்லாததால் பாதி விலைதான் பெறும் என்கிறீர்கள்.
நல்லது. சேதம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

குரலே இல்லாத, சுத்தமான குறுந்தட்டு
இப்போது கிடைக்கிறதா?
எனக்கு வேண்டாம்.
தொண்ணூற்றொன்றில் ஒருநாள்
அப்பாவின் ஷிப்ட் மேலே வரவில்லை.
வாசலில் தொப்பியைக் கழற்றாமல் ஒரு அதிகாரி
காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.
அதே குரல். ஒரு சொல்லும் ஏறவில்லை, இறங்கவில்லை.
அதற்குப் பின்னால், எங்கோ தூரத்தில்,
சமையலறையில்,
அம்மா.

இல்லை, அழவில்லை. அடுப்புப் புகை.

ஹலிங்காவிடம் அந்த மூலை இருக்கலாமே என்கிறீர்கள்.
நானும் நினைத்தேன். முப்பது வருஷம் நினைத்தேன்.
போன ஈஸ்டருக்கு எண் கிடைத்து, கூப்பிட்டேன்.
பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள், முழங்காலைப் பற்றி.
பேரிக்காய் என்று ஆரம்பித்தேன்.
'எந்தப் பேரிக்காய்?' என்றாள்.

சர்க்கரை போடவா?
ரப்பர் கையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.
நாற்பது ஸ்லோட்டி.
சுண்டுவிரலுக்குக் கழித்துவிட்டேன்.